கடல் சூடாகும்போது வலைத் தடையால் திமிங்கிலத்துக்கு என்ன பயன்?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். கடல் சூடாகிக்கொண்டே போகிறது. கரியமில வாயுவைக் குறைக்காதவரை அது நிற்கப்போவதில்லை. அப்படியிருக்க, சரணாலயம், வலைத் தடை, கப்பல் வேகக் கட்டுப்பாடு என்று திமிங்கிலங்களுக்கும் கடற்பசுக்களுக்கும் சீல்களுக்கும் செய்யப்படுவதெல்லாம் கண்துடைப்புதானே என்கிறீர்கள். கூடவே, கொஞ்சம் பணமோ நேரமோ கொடுக்க நினைத்தால் எதற்குக் கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரிய காரணத்தை அசைக்க முடியாதபோது சின்னக் காரணங்களோடு மல்லுக்கட்டுவதில் பொருள் உண்டா என்பதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். என் பதில்: பெரும்பாலான இனங்களுக்கு உண்டு, சிலவற்றுக்கு ஓரளவு உண்டு, ஒன்றிரண்டுக்கு அநேகமாக இல்லை. எது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கத்தான் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கரை ஒதுங்கும் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் கூறாய்வு செய்து இறப்புக் காரணத்தைப் பதிவு செய்வதும், அந்தப் பதிவுகளைக் கொண்டு ஓர் இனத்தின் எண்ணிக்கை ஏறுமா இறங்குமா என்று கணக்கிடுவதும் பல ஆண்டுகளாக என் தொழில். துருவப் பகுதி விலங்குகளைப் பற்றி நான் சொல்வது படித்தறிந்தது, கை வைத்துப் பார்த்ததில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இறப்புக் காரணம் என்ற கட்டத்தில் 'காலநிலை மாற்றம்' என்று நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. எழுதவும் முடியாது. உடலைப் புரட்டியதும் முதலில் வாலடியைப் பார்ப்போம். கயிறு இறுக்கியிருந்தால் தோலைத் தாண்டி உள்ளே வரை பள்ளம் விழுந்திருக்கும். விலா எலும்பு முறிந்து, அதைச் சுற்றித் தசையில் இரத்தம் கட்டியிருந்தால் மோதியபோது உயிர் இருந்தது என்று பொருள். இரத்தக்கட்டு இல்லாவிட்டால் செத்து மிதந்த உடலின் மேல் கப்பல் ஏறியிருக்கலாம். பிறகு தோலைக் கீறிக் கொழுப்புப் படலத்தின் தடிமனை அளப்போம். நன்றாகத் தின்ற விலங்கின் கொழுப்பு கத்தியிலிருந்து எண்ணெயாக வழியும். பட்டினி கிடந்ததன் கொழுப்பு வறண்டு நார் நாராக வரும். கடைசியில் கட்டத்தில் விழுவது 'கயிற்றில் சிக்கியது', 'கப்பல் மோதல்', 'நோய்', 'பட்டினி' ஆகியவற்றில் ஏதோ ஒன்று. உடல் அழுகிவிட்டதால் 'தெரியவில்லை' என்று முடிகிற பதிவுகளும் ஏராளம். ஆனால் அந்த விலங்கு அந்த ஆண்டு அந்த இடத்துக்கு ஏன் வந்தது, ஏன் கொழுப்பில்லாமல் இருந்தது என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், கடல் வெப்பநிலை வரைபடத்தின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் கேள்விக்கான விடை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பசுங்குடில் வாயுக்களால் பூமியில் தங்கிவிடும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கடல்தான் உள்வாங்குகிறது. இருந்தும் வளர்ந்த திமிங்கிலம் ஒன்றை ஓரிரு டிகிரிச் சூடு நேரடியாகக் கொல்வதில்லை. அவை வெப்ப இரத்த விலங்குகள், தங்கள் உடல் வெப்பத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். சூடு அடிப்பது வேறு வழியில். முதலாவது, இரை இடம் பெயர்கிறது அல்லது குறைகிறது. இரண்டாவது, சில விலங்குகளுக்குக் குட்டி போடவும் ஓய்வெடுக்கவும் தேவையான பனியும் மணல்திட்டும் காணாமல் போகின்றன. மூன்றாவது, நச்சுப்பாசிகளும் நோய்களும் புதிய இடங்களை எட்டுகின்றன. இவற்றில் முதலாவதுதான் அதிக இனங்களைத் தொடுகிறது. மனிதன் தலையிட்டுப் பயன் காண்பதற்கு அதிக இடம் இருப்பதும் அதில்தான்.

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கிய இரை காலனஸ் என்னும், சில மில்லிமீட்டரே நீளமுள்ள கொழுப்பு நிறைந்த மிதவை உயிரி. அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய மெய்ன் வளைகுடாவில் அது கோடைதோறும் திரளும், திமிங்கிலங்களும் வரும். இது தெரிந்த கதை என்பதால் பாதுகாப்பு விதிகள் எல்லாம் அந்த இடங்களைச் சுற்றியே போடப்பட்டிருந்தன. 2008 முதல் அமெரிக்கக் கரையில் குறிப்பிட்ட பருவங்களில், குறிப்பிட்ட பகுதிகளில், 65 அடிக்கும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் மணிக்கு 10 கடல் மைலைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2010ஐ ஒட்டி வளைகுடாவுக்குள் வெதுவெதுப்பான நீர் புகுந்தது, காலனஸ் குறைந்தது. பசித்த திமிங்கிலங்களில் பெரும் பங்கு வடக்கே கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பெரிய கப்பல்கள் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தன; பனி நண்டு பிடிக்கும் கனத்த கயிறுகள் நிமிர்ந்து நின்றன; இவற்றுக்காக ஒரு விதியும் இல்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் 17 உடல்கள் கிடைத்தன, 12 கனடாவில், 5 அமெரிக்காவில். கண்ணில் படுவது உண்மையான இறப்புகளில் மூன்றில் ஒன்றைவிடச் சற்றே அதிகம் என்பதுதான் நீண்ட காலத் தரவு சொல்வது. 2010 வாக்கில் 480ஐ ஒட்டியிருந்த இனம் பத்தாண்டில் சுமார் 350க்கு இறங்கியது.

இந்த 17 திமிங்கிலங்களையும் கொன்றது எது? காலநிலை என்றால் அது பாதி உண்மை. கயிறும் கப்பலும் என்றால் அதுவும் பாதி. சூடான நீர் அவற்றை இடம் பெயர்த்தது. இடம் பெயர்ந்த இடத்தில் நம் விதிகள் இல்லை. கனடா 2018இல் மீன்பிடிப் பகுதிகளை மூடும் முறையை மாற்றியது. திமிங்கிலம் பார்வையில் பட்டால் அந்தப் பகுதியிலிருந்து கயிறுகளை எடுத்துவிட வேண்டும். நீருக்கடியில் வைத்த ஒலிவாங்கியில் அதன் குரல் கேட்டாலும் அப்படித்தான் என்பது 2020இல் சேர்ந்தது. 2018இல் கனடாவில் ஒரு உடலும் கிடைக்கவில்லை. 2019இல் மீண்டும் 9 உடல்கள். விதிகளை மேலும் இறுக்கினார்கள், வேகக் கட்டுப்பாட்டைச் சிறிய கப்பல்களுக்கும் நீட்டினார்கள். இப்போதைய மதிப்பீடு 380ஐ ஒட்டி இருக்கிறது. இந்த ஏற்றம் விதிகளால் மட்டுமே வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் கடல் இந்த இடைவெளியில் குளிர்ந்துவிடவில்லை என்பது உறுதி.

இவ்வளவு சிறிய மாற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. என் தொழிலில் மிகவும் உறுதியாகத் தெரிந்த விஷயம் இதுதான். நீண்ட நாள் வாழ்ந்து மெதுவாகக் குட்டி ஈனும் விலங்குகளில், இனத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது பிறப்பைவிட வளர்ந்த பெண் விலங்கின் உயிர்தான். ரைட் திமிங்கிலம் முதல் கன்று ஈனவே சுமார் பத்து வயதாகும். நல்ல காலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒரு கன்று. இரை குறைந்தபோது அந்த இடைவெளி இரட்டிப்பானது, சிலவற்றில் அதற்கும் மேல். நம் கையால் ஓர் ஆண்டில் எத்தனை இறப்பு நேர்ந்தால் இந்த இனம் தாங்கும் என்று அமெரிக்கச் சட்டப்படி கணக்கிடும்போது வரும் விடை ஒன்றுக்கும் கீழே. வெப்பம் பிறப்பைக் குறைக்கக் குறைக்க, நாம் செய்யக்கூடிய தவறின் அளவும் குறைகிறது. அதாவது கடல் சூடாவதால் வலை விதிக்கும் வேக விதிக்கும் மதிப்புக் கூடுகிறது. 'கடல்தான் கெட்டுவிட்டதே, வலையைப் பற்றி என்ன பேச்சு' என்ற வாதத்தை இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாக்கிவிடுகிறது.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் கப்பல் மோதினால் திமிங்கிலம் சாவதற்கான வாய்ப்பு ஐந்தில் நான்கு. 9 கடல் மைலுக்குக் கீழே அது ஐந்தில் ஒன்றாக இறங்குகிறது. கப்பல் எந்திரத்துக்குத் தேவைப்படும் ஆற்றலோ வேகத்தின் மூன்றாம் அடுக்கை ஒட்டி ஏறுவது, ஆகவே வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் எரிபொருளும் புகையும் கணிசமாகக் குறையும். பெரும்பாலான கப்பல்களில் நீருக்கடி இரைச்சலும் சேர்ந்து தணியும். பெரிய காரணத்தையும் சின்னக் காரணத்தையும் ஒரே கட்டளையால் தொட முடிகிற இடங்கள் இந்தத் துறையில் அபூர்வம். இது அப்படிப்பட்ட ஓர் இடம். இருந்தும் எதிர்ப்பு அதிகம், காரணம் துறைமுக அட்டவணை.

பசிபிக்கில் நடந்தது இன்னும் சிக்கலானது. 2014 முதல் 2016 வரை வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் பெரும் கடல் வெப்ப அலை ஒன்று நிலைகொண்டது. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும் பகுதி கரையோரக் கீற்றாகச் சுருங்கியது. இறாலைப் போன்ற சிறு உயிரியான கிரில் குறைந்ததால் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் நெத்திலிக் கூட்டங்களைத் தேடிக் கரைக்கு நெருங்கின. அதே வெப்பத்தில் நச்சுப்பாசி பெருகி, டொமோயிக் அமிலம் என்ற நஞ்சு நண்டுகளில் ஏறியது. உண்பவர்களுக்கு ஆபத்து என்பதால் கலிஃபோர்னியாவில் டன்ஜினஸ் நண்டுப் பருவம் 2015 இறுதியில் தொடங்க வேண்டியது பல மாதங்கள் தள்ளிப்போனது. கடைசியில் கூண்டுகள் இறங்கியபோது திமிங்கிலங்கள் தெற்கே குளிர்காலத்தைக் கழித்த கடல்களிலிருந்து திரும்பி வந்துவிட்டிருந்தன. ஆண்டுக்குப் பத்து என்ற அளவில் பதிவாகிக்கொண்டிருந்த கயிற்றுச் சிக்கல்கள் 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் 50ஐத் தாண்டின. இந்தச் சங்கிலியில் யாரும் விதியை மீறவில்லை. மக்கள் உடல்நலத்துக்காக எடுத்த சரியான முடிவு ஒன்றும் இதில் ஒரு கண்ணி. இப்போது அங்கே நண்டுப் பருவத்தைத் திறக்கும் முன் திமிங்கிலங்கள் எத்தனை, எங்கே என்று கணக்கெடுக்கிறார்கள். மேலே மிதவையும் நிமிர்ந்த கயிறும் இல்லாமல் கூண்டை அடியில் வைத்து, படகிலிருந்து ஒலிக்குறி அனுப்பி மேலெழச் செய்யும் சாதனங்களையும் சோதித்து அனுமதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். விலை அதிகம், ஒருவரின் கூண்டுமேல் இன்னொருவர் தெரியாமல் கூண்டு போட்டுவிடும் தகராறும் இன்னும் தீரவில்லை.

அதே வெப்ப அலை, பாதுகாப்பால் முடியாததையும் காட்டியது. வட பசிபிக்கின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 2012இல் சுமார் 33,000 என்று மதிப்பிடப்பட்டன; 2021இல் 26,600 சொச்சம். பெரும்பாலானவை பட்டினியால் போயிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. கடலுக்குள் இரையை நம்மால் போட முடியாது. ஆனால் வேட்டைத் தடைக்குப் பின் அந்த இனம் முப்பதாயிரத்துக்கு மேல் பெருகியிருந்ததால்தான் ஏறத்தாழ 7,000 போயும் இனம் நிற்கிறது. 1960களில் இந்த இனத்துக்கும், 1986இல் பெருந்திமிங்கிலங்கள் அனைத்துக்கும் வணிக வேட்டைத் தடை நடைமுறைக்கு வந்தபோது அதை ஆதரித்தவர்களில் கடல் வெப்ப அலையை மனத்தில் வைத்திருந்தவர்கள் அநேகமாக யாருமில்லை. அன்று தவிர்த்த இறப்புகள் இன்று கையிருப்பாக உதவுகின்றன. 380 திமிங்கிலங்கள் உள்ள இனத்துக்கு அந்தக் கையிருப்பு கிடையாது.

கடற்புல்லைத் தின்று வாழும் கடற்பசு, அதன் உறவினமான மானட்டி இரண்டின் கதையும் கடலைவிடக் கரையில் அதிகம் நடக்கிறது. 1992இல் ஆஸ்திரேலியாவின் ஹார்வி விரிகுடாவில் அடுத்தடுத்து வந்த வெள்ளமும் புயலும் சேறு கொண்டுவந்து கொட்டி, சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் கடற்புல் அழிந்தது. கடற்பசுக்களில் கொஞ்சம் செத்தன, கொஞ்சம் ஊரைவிட்டுப் போயின, மிஞ்சியவை சில ஆண்டுகள் சரியாகக் குட்டி போடவில்லை. 2011இல் அதே நாட்டின் மேற்குக் கரையில் ஷார்க் விரிகுடாவைத் தாக்கிய வெப்ப அலைக்குப் பின் அங்குள்ள டால்பின்களின் உயிர்பிழைப்பு விகிதம் 12 விழுக்காடு குறைந்தது, பிறப்பும் சரிந்தது. மூக்கில் கடற்பஞ்சைக் கவ்விக்கொண்டு அடிமணலைக் கிளறி இரை தேடக் கற்ற டால்பின்கள் மட்டும் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. தாயிடமிருந்து குட்டி கற்கும் ஒரு பழக்கம் பஞ்சத்தில் கைகொடுத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. அதை வைத்துப் பாதுகாப்புத் திட்டம் எதுவும் போட முடியாது என்பதும் உண்மை. போட முடிவது: ஆற்றுப் படுகைகளிலிருந்து சேறும் உரமும் கடலுக்குப் போவதைக் குறைப்பது. தெளிந்த நீரில் வளரும் கடற்புல்லுக்கு வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் தெம்பு இருக்கிறது. கலங்கிய நீரில் இல்லை.

ஃபுளோரிடாவில் 2021இல் 1,100 மானட்டிகள் செத்தபோது பலர் காலநிலையைக் கைகாட்டினார்கள். அங்கே கடற்புல்லை முதலில் அழித்தது கழிவுநீரும் உரமும் வளர்த்த பாசி. மாநில, மத்திய அரசுத் துறைகள் இரண்டு குளிர்காலங்களில் மானட்டிகளுக்கு லெட்டூஸ் கீரையைக் கடலில் கொட்டின. அவசரத்துக்கு அது தவறில்லை. இன்னொரு முரண்பாடும் அங்கே உண்டு. 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நீரில் மானட்டிக்கு நோய் காணும். இயற்கை ஊற்றுகளைச் சுற்றிக் கட்டடம் கட்டிவிட்டதால், பாதிக்கும் மேற்பட்டவை மின்நிலையங்கள் வெளியேற்றும் வெந்நீரை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. புகைவிடும் பழைய நிலையங்களை மூடினால் அவற்றின் அடைக்கலமும் மூடப்படும். ஆகவே ஊற்றுகளுக்குப் போகும் வழியை முதலில் திறந்துவிட வேண்டும். நிலையத்தை அதற்குப் பிறகு மூடலாம். வரிசை மாறினால் நல்ல காரியமே கொன்றுவிடும்.

பனியை நம்பியவற்றுக்கு வருகிறேன். ஃபின்லாந்தின் சைமா ஏரியில் ஒரு வளையச் சீல் இனம் இருக்கிறது. பனியுகத்துக்குப் பின் கடலிலிருந்து பிரிந்து ஏரியிலேயே தங்கிவிட்ட இனம். கடலில் இல்லை என்றாலும் உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தாய்ச் சீல் உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் கீழிருந்து துளை போட்டு, கரையோரம் காற்று குவித்துவைத்த பனித்தூள் மேட்டுக்குள் குகை தோண்டி, பிப்ரவரி, மார்ச்சில் குட்டி போடும். மேடு இல்லாத ஆண்டில் குட்டி திறந்த பனிக்கட்டியில் கிடக்கும். குளிருக்கோ நரிக்கோ பலியாகும். ஆகவே பனி குறைந்த குளிர்காலங்களில் தொண்டர்களும் வனத்துறையினரும் மண்வாரிகளோடு ஏரிமேல் நடந்து போய், தீவுக் கரைகளில் சீல்கள் வழக்கமாகக் குட்டி போடும் இடங்களில் பனியைத் தள்ளிக் குவித்து மேடு கட்டுகிறார்கள். கட்டிவிட்டு விலகிவிட வேண்டும், அவ்வளவுதான். மீதியைச் சீல் கீழிருந்து செய்துகொள்ளும். செய்தும் கொண்டது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் பிறந்த குட்டிகளில் பெரும்பாலானவை மனிதர் கட்டிய மேடுகளில் பிறந்தன. ஆனால் 1980களில் 200க்கும் கீழே இருந்த இந்த இனம் இன்று 500ஐ ஒட்டி வந்திருப்பதற்கு மேடுகளைவிடப் பெரிய காரணம், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை செவுள்வலைக்கு விதித்த தடை. குட்டிகள் நீந்தப் பழகும் காலம் அது. வலைத் தடை வீணா என்று கேட்டீர்களே, சைமாவைத்தான் காட்டுவேன். ஏரி உறையாமலே போகும் குளிர்காலம் வந்தால் மேடு கட்ட இடமிருக்காது. அதற்காக மிதக்கும் செயற்கைக் கூடுகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே போலக் கையால் செய்யக்கூடியது ஹவாய் மாங்க் சீலுக்கும் உண்டு. மொத்தம் சுமார் 1,600. அவை குட்டி போடும் தாழ்ந்த மணல்திட்டுகளில் ஒன்றான ஈஸ்ட் தீவை 2018 அக்டோபரில் வலாகா புயல் ஏறத்தாழ முழுதாகக் கழுவிக்கொண்டு போனது. ஆபத்தான திட்டுகளிலிருந்து பால்குடி மறந்த குட்டிகளைப் பாதுகாப்பான தீவுகளுக்கு மாற்றுகிறார்கள். 2016 முதல் மார்பிலிவைரஸ் நோய்க்குத் தடுப்பூசியும் போடுகிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் விலங்குகள் உள்ள, ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிந்த இனத்துக்கு மட்டுமே இது கட்டுப்படியாகும்.

வால்ரஸுக்கு ஓரளவே செய்ய முடியும். கோடையில் கடற்பனி பின்வாங்கினால் அவை கரையில் கும்பலாக ஏறுகின்றன. 2014 செப்டம்பரில் அலாஸ்காவின் பாயின்ட் லே அருகே சுமார் 35,000 ஒரே இடத்தில் ஏறின. ஒரு விமானம் தாழப் பறந்தால் போதும், மிரண்டு ஓடும் கூட்டத்தில் குட்டிகள் நசுங்கும். விமானங்களை உயரத்தில் நிறுத்துவதும் வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுப்பதும் உடனடிப் பலன் தருகின்றன. துருவக் கரடிக்கு இப்படி ஒன்றும் இல்லை. கடற்பனிமேல் நின்று சீல் பிடிப்பது அதன் பிழைப்பு. பனியில்லாத நாட்கள் நீள நீள, கரையில் கிடந்து கொழுப்பை எரிக்கிறது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016இல் 842 என்று மதிப்பிட்டவை 2021இல் 618. வேட்டைக் கட்டுப்பாடும், ஊருக்குள் வந்தால் சுடாமல் விரட்டுவதும் ஓரிரு பத்தாண்டு வாங்கித் தரலாம். அதற்கு மேல் கரியமில வாயுவைக் குறைப்பது ஒன்றே வழி. உங்கள் ஐயம் இந்த விலங்கைப் பொறுத்தவரை சரியானதுதான்.

இனி உறுதி குறைந்தவை. 2019 முதல் 2023 வரை வட அமெரிக்கக் கரையில் நூற்றுக்கணக்கான சாம்பல் திமிங்கிலங்கள் ஒதுங்கின. சுமார் 27,000 இருந்த இனம் 2025 கணக்கெடுப்பில் 13,000ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆர்க்டிக் கடலடியில் அவை தின்னும் சிறு இறால்வகை உயிரிகளின் அளவும் கடற்பனியின் போக்கும் இதற்குக் காரணம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஆனால் இதே இனம் 1999, 2000இலும் சரிந்து மீண்டிருக்கிறது. இம்முறை மீளாதது புதிது, அதனால் கவலைப்படுகிறேன். தீர்ப்பு எழுத இது போதாது. 2015இல் சிலியின் தென்பகுதியில் 'சேய்' (sei) என்ற இனத்தைச் சேர்ந்த குறைந்தது 343 திமிங்கிலங்கள் இறந்ததற்கு நச்சுப்பாசியே மிகவும் பொருந்தும் விளக்கம். உடல்கள் கிடைத்த நிலையில் அதற்கு மேல் உறுதி சொல்வது கடினம். 2023இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைச் சீல் குட்டிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தது பறவைக் காய்ச்சலால். அதைக் காலநிலைக் கணக்கில் சேர்த்து எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடல் அமிலமாவதால் ஒலி அதிகத் தூரம் போய்த் திமிங்கிலங்களைத் தொல்லைப்படுத்தும் என்பது இயற்பியல்படி சரி, அளவில் மிகச் சிறியது. கப்பல் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு.

'ஒரு திமிங்கிலம் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள கார்பன் சேமிப்பு' என்ற கணக்கு 2019இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் இதழில் வந்த கட்டுரையிலிருந்து பரவியது. திமிங்கிலக் கழிவு மிதவை உயிரிகளுக்கு உரமாவது உண்மை, இறந்த உடல் ஆழத்துக்குக் கார்பனைக் கொண்டு போவதும் உண்மை. உலக வெளியேற்றத்தின் முன் அந்த அளவு அற்பம். திமிங்கிலத்தைக் காப்பாற்றினால் காலநிலை சரியாகும் என்ற திசையில் யாராவது உங்களிடம் பணம் கேட்டால் நான் தயங்குவேன்.

விலங்கு போகும் இடமெல்லாம் விதியும் போகட்டும் என்ற யோசனைமீது இப்போது பெரும் ஆர்வம் இருக்கிறது. நானும் அதை ஆதரிப்பவன், எல்லையோடு. ஒலிவாங்கி பேசும் திமிங்கிலத்தைத்தான் கேட்கும். கன்றோடு இருக்கும் ரைட் திமிங்கிலத் தாய்மார் மிகத் தாழ்ந்த குரலில்தான் ஒலி எழுப்புகின்றன, காக்க வேண்டியதும் அவற்றைத்தான். அதனால் கன்று ஈனும் இடங்களுக்கு நிலையான தடை வேண்டும், மேயும் இடங்களுக்கு நகரும் தடை. நாடுகளின் எல்லைக்கு அப்பால் இதுவரை சரணாலயம் அறிவிக்கப் பொதுவான சட்டவழியே இல்லாமலிருந்தது. 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஆழ்கடல் உடன்படிக்கை அதைத் தருகிறது, காகிதத்தில். அண்டார்க்டிக்கில் நிலைமை பின்னோக்கிப் போயிருக்கிறது. தென் அட்லாண்டிக் பகுதியில் கிரில் பிடிப்புக்கு ஆண்டுக்கு 6,20,000 டன் வரம்பு உண்டு; அதை உட்பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்த விதி 2024இல் காலாவதியானது, நாடுகள் உடன்படவில்லை. 2025இல் பிடிப்பு முதன்முறையாக முழு வரம்பையும் தொட்டு ஆகஸ்டிலேயே மூடப்பட்டது. திமிங்கிலங்களும் கப்பல்களும் அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய அதே கிரில் திரள்களுக்குப் போட்டியிடுகின்றன. பனி குறைந்தால் கிரில் குறையும் என்று எதிர்பார்க்கும் காலத்தில் அந்தப் பங்கீட்டை மீட்பது, நான் அறிந்தவரை இந்தத் துறையில் இன்று மிக அவசரமான காகித வேலை.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எந்த அமைப்பானாலும், எந்த இறப்புக் காரணத்தை, எந்த இனத்தில், எத்தனை ஆண்டில் குறைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கயிறில்லாக் கூண்டுகளை மீனவர்களுக்கு இரவல் தரும் திட்டங்கள், கரை ஒதுங்கிய விலங்குகளுக்கான மீட்பு மற்றும் கூறாய்வுக் குழுக்கள், பல பத்தாண்டாக ஒரே கூட்டத்தைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் ஆய்வுகள், இவை மூன்றும் எப்போதும் பணமில்லாமல் தவிப்பவை. படம் அழகாக வராததால் நன்கொடையும் வருவதில்லை. நேரம் கொடுப்பதென்றால், வட பசிபிக் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் சரிவைக் கண்டுபிடித்ததே, ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனியே அடையாளம் காட்டும் வால் அடிப்பக்கப் படங்களால்தான். ஹேப்பிவேல் என்ற தளத்தில் சுற்றுலாப் பயணிகள் ஏற்றிய படங்களும் அதில் ஏராளம். திமிங்கிலம் பார்க்கப் போகும் வாய்ப்பு கிடைத்தால், அது மூழ்கும்போது வாலின் அடிப்பக்கம் முழுதாகத் தெரியும்படி எடுத்து, தேதியும் இடமும் சேர்த்து அனுப்புங்கள். தேதி இல்லாத படத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.